தாடையைத் திருத்தலாம், மூச்சைக் கெடுக்கலாமா?

தென் கொரியாவின் தலைநகரம் சியோல். அந்த நகரில் கங்னம் என்று ஒரு பகுதி இருக்கிறது. பணக்காரர்கள் வாழும் இடம். தெருவுக்குத் தெரு அழகு ஆபரேஷன் செய்யும் ஆஸ்பத்திரிகள்.

2014ஆம் ஆண்டு ஜனவரி மாதம். அங்கே இருந்த ஓர் ஆஸ்பத்திரியைப் பற்றிய செய்தி உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வெளிவந்தது. அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் கண்ணாடித் தூண் செய்து காட்சிக்கு வைத்திருந்தார்கள். அதற்குள் என்ன இருந்தது தெரியுமா?

மனிதர்களின் தாடை எலும்புத் துண்டுகள்! சுமார் 2 ஆயிரம் துண்டுகள். ஆபரேஷன் செய்யும்போது நோயாளிகளிடம் இருந்து வெட்டி எடுத்தவை. "எவ்வளவு பேருக்கு ஆபரேஷன் செய்திருக்கிறோம், பாருங்கள்" என்று காட்டுவதற்காக, இப்படி ஒரு விளம்பரம்.

ஊர் சும்மா இருக்குமா? எதிர்ப்புக் கிளம்பியது. மருத்துவக் கழிவை இப்படி வைத்திருக்கக் கூடாது என்று அதிகாரிகள் நடவடிக்கை எடுத்தார்கள். எலும்புத் தூண் அகற்றப்பட்டது.

தூண் போய்விட்டது. ஆனால், அது எழுப்பிய கேள்வி போகவில்லை. தாடை ஆபரேஷன் என்பது முகத்தை மட்டும் சேர்ந்த காரியமா? வெட்டி நகர்த்திய எலும்பு அங்கேயே நிற்குமா? அந்த எலும்புக்குப் பின்னால் இருக்கும் மூச்சு வழி என்ன ஆகும்?

இந்தக் கேள்விகளுக்கு மருத்துவ உலகம் பல ஆண்டுகளாகப் பதில் தேடி வருகிறது. அந்தப் பதில்கள் விளம்பரப் பலகையில் வருவது இல்லை. ஆகவே, அவற்றை இங்கே விளக்கமாகப் பார்ப்போம்.

இரண்டு வகை

தாடை ஆபரேஷன் என்று பொதுவாகச் சொல்லுகிறோம். அதில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, எலும்பைச் செதுக்குவது. சதுர முகத்தை நீள முகம் ஆக்குவதற்காக, தாடையின் ஓரத்தை வெட்டி எடுப்பார்கள். கண்ணாடித் தூணில் இருந்த துண்டுகள் இந்த வகையைச் சேர்ந்தவை. இது பெரும்பாலும் அழகுக்காகச் செய்வது.

மற்றொன்று, தாடையையே நகர்த்துவது. முன்னால் துருத்திக்கொண்டு இருக்கும் கீழ்த்தாடையைப் பின்னால் தள்ளுவார்கள். பின்னால் ஒடுங்கிப்போன தாடையை முன்னால் கொண்டுவருவார்கள். நாம் பேசப் போவது இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான்.

இது வீண் ஆடம்பரமா? இல்லை. பலருக்கு இது அவசியமான சிகிச்சை.

கீழ்த்தாடை மிகவும் முன்னால் வளர்ந்துவிட்டால், மேல்வரிசைப் பல்லும் கீழ்வரிசைப் பல்லும் சேராது. முன்பல்லால் எதையும் கடிக்க முடியாது. சில எழுத்துக்கள் வாயில் சரியாக வராது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்வார்கள்.

ஐரோப்பாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் ராஜ வம்சத்தில் இந்தக் குறை தலைமுறை தலைமுறையாக வந்தது. ஸ்பெயின் நாட்டு அரசர் 2ஆம் சார்லஸ் (1661-1700) உணவை மெல்லவே கஷ்டப்பட்டார். சொந்தத்துக்குள்ளேயே திரும்பத் திரும்பப் பெண் எடுத்ததற்கும் இந்தத் தாடைக்கும் தொடர்பு இருக்கிறது என்று, 2019ல் ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானிகள் எழுதினார்கள். அவர்கள் அரச குடும்பத்தாரின் 66 ஓவியங்களைத் தாடை டாக்டர்களிடம் காட்டி ஆராய்ந்தார்கள்.

அரசருக்கு அன்று வைத்தியம் இல்லை. சாதாரண மனிதருக்கு இன்று வைத்தியம் இருக்கிறது.

எலும்பைப் பிளக்கும் வித்தை

கீழ்த்தாடையை வெட்டித் திருத்துவது நேற்று வந்த யோசனை அல்ல. 1849லேயே அமெரிக்காவில் சைமன் ஹல்லிஹன் என்ற டாக்டர் அதைச் செய்தார். தீக்காயத் தழும்பு இழுத்ததால் தாடை கோணிப்போன ஓர் இளம் பெண்ணுக்கு அவர் ஆபரேஷன் செய்தார்.

ஆனால், இன்று உலகம் எங்கும் நடக்கும் முறையைக் கொண்டுவந்தவர் ஹூகோ ஒப்வெகேசர். ஆஸ்திரியா நாட்டில் பிறந்தவர். சுவிட்சர்லாந்தில் உள்ள ஜூரிச் நகரில் வேலை பார்த்தவர். 1950க்கும் 1960க்கும் இடையில் அவர் இந்த முறையை உலகுக்குக் காட்டினார். 1957ல் ஆங்கிலத்திலும் அதைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. 1961ல் இத்தாலி நாட்டு டாக்டர் டால் போன்ட் அதைத் திருத்தினார். பிறகு பலரும் மேலும் மேலும் திருத்தினார்கள்.

அந்த முறை என்ன?

கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால், காதை நோக்கித் தாடை எலும்பு மேலே ஏறுகிறது. அந்த இடத்தில் எலும்பைக் குறுக்கே வெட்டுவது இல்லை. மூங்கிலைப் பிளாச்சாகப் பிளப்பது போல, நீளவாக்கில் இரண்டு தகடாகப் பிளக்கிறார்கள். வெளித் தகடு ஒன்று. உள் தகடு ஒன்று. இடது பக்கமும் வலது பக்கமும் இப்படிச் செய்கிறார்கள்.

பிறகு, பல் இருக்கும் முன்பகுதியைத் தேவையான அளவு பின்னாலோ முன்னாலோ நகர்த்துகிறார்கள். ஒரு தகடு மற்றொரு தகட்டின் மேல் வழுக்கிப் போகிறது. நகர்த்திய பிறகும் எலும்போடு எலும்பு அகலமாகத் தொட்டுக்கொண்டு இருக்கும். ஆகவே, நன்றாக ஒட்டும். எல்லா வேலையும் வாய்க்குள்ளேயே முடிந்துவிடும். பெரும்பாலும் முகத்தில் தழும்பு இராது.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. அந்த எலும்புக்குள்தான் கீழ் உதட்டுக்குப் போகும் நரம்பு ஓடுகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்கு உதடும் மோவாயும் மரத்துப்போகும். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் உணர்ச்சி திரும்பும். சிலருக்கு முழுவதும் திரும்பாது.

கம்பி போய், திருகாணி வந்தது

பிளந்த எலும்பு ஒட்டும் வரையில் அசையக் கூடாது. அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள்? எலும்பைக் கம்பியால் கட்டினார்கள். மேல்பல்லையும் கீழ்பல்லையும் சேர்த்துக் கட்டி, வாயையே பூட்டிவிட்டார்கள். சுமார் 6 வாரம் வாய் திறக்க முடியாது. கஞ்சியும் பாலும்தான் ஆகாரம்.

1974ல் ஸ்பீசல் என்ற டாக்டர் திருகாணி போட்டு எலும்பைப் பொருத்தும் முறையைப் பற்றி எழுதினார். பிறகு, சிறிய உலோகத் தகடுகளும் வந்தன. இன்று டைட்டானியம் என்ற உலோகத்தில் இவற்றைச் செய்கிறார்கள். அது துருப் பிடிக்காது. உடம்பு அதை ஏற்றுக்கொள்ளுகிறது.

இப்பொழுது வாயை நீண்ட நாள் பூட்டி வைப்பது இல்லை. ஆனாலும், எலும்பு ஒட்டுவதற்கு 6 வாரம் முதல் 8 வாரம் வரை ஆகிறது. அதுவரை மென்மையான உணவுதான் உண்ணவேண்டும்.

திருகாணி வந்துவிட்டதே, இனித் தாடை அசையாது என்று நினைக்கலாம். அப்படி அல்ல! திருகாணி போட்ட தாடையும் கொஞ்சம் திரும்புகிறது.

ஏன் திரும்புகிறது?

எலும்பு தனியாக நிற்கவில்லை. அதைச் சுற்றித் தசை இருக்கிறது. தசைக்குப் பழைய இடம்தான் பழக்கம்.

பிளந்த தாடையின் பின்பகுதி, காதுக்கு முன்னால் உள்ள மூட்டில் மாட்டிக்கொண்டு இருக்கிறது. மெல்லுவதற்கு உதவும் பெரிய தசை அதைப் பற்றிக்கொண்டு இருக்கிறது. முன்பகுதியைப் பின்னால் தள்ளும்போது, டாக்டர் கவனமாக இல்லாவிட்டால், இந்தப் பின்பகுதியும் சேர்ந்து பின்னால் சாய்ந்துவிடும். அந்தச் சாய்ந்த நிலையிலேயே திருகாணி போட்டுவிட்டால் என்ன ஆகும்?

நோயாளி எழுந்து நடமாடுகிறார். மெல்லத் தொடங்குகிறார். தசை தன் வேலையைக் காட்டுகிறது. சாய்ந்த பின்பகுதியைப் பழையபடி நிமிர்த்துகிறது. அதோடு சேர்ந்து, தாடை முழுவதும் முன்னால் வருகிறது. திருகாணி விட்டுப்போகவில்லை. எலும்பும் பிரியவில்லை. ஆனால், தாடை திரும்பிவிட்டது!

பின்னால் தள்ளிய தாடை இப்படித் திரும்புவது பெரும்பாலும் முதல் 6 மாதத்துக்குள் நடந்துவிடுகிறது. எவ்வளவு அதிகமாகத் தள்ளுகிறார்களோ, அவ்வளவுக்குத் திரும்பும் ஆபத்தும் அதிகம்.

தாடையை முன்னால் கொண்டுவந்தால், கதை வேறு. மோவாய்க்குக் கீழே உள்ள தசைகள் ரப்பர் போல இழுபடுகின்றன. அவை தாடையைப் பின்னால் இழுக்கும். சிலருக்கு, முக்கியமாக இளம் பெண்களுக்கு, தாடை மூட்டின் குமிழே தேய்ந்து சிறுத்துப்போவது உண்டு. இது ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு கழித்தும் தெரியவரும்.

மூன்றாவது காரணம், வளர்ச்சி. பையனுக்கு இன்னும் தாடை வளர்ந்துகொண்டு இருக்கிறது என்றால், இன்று தள்ளிவைத்த தாடை நாளை மீண்டும் முன்னால் வரும். ஆகவேதான், வளர்ச்சி நின்ற பிறகே இந்த ஆபரேஷனைச் செய்யவேண்டும் என்கிறார்கள். பெண்களுக்குப் பொதுவாக 17, 18 வயது. ஆண்களுக்கு 19, 20 வயது. சிலருக்கு அதற்கும் மேல். இடைவெளி விட்டு எடுத்த எக்ஸ்ரே படங்களை ஒப்பிட்டுப் பார்த்து, வளர்ச்சி நின்றதா என்று டாக்டர் முடிவு செய்வார்.

எவ்வளவு திரும்பினால் தவறு?

அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே பிராபிட் என்ற பேராசிரியரும் அவருடைய தோழர்களும், ஆபரேஷன் செய்துகொண்டவர்களை ஆண்டுக் கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். 1996ல் ஒரு வரிசைப் பட்டியலை வெளியிட்டார்கள். 2007ல் அதைப் புதுப்பித்தார்கள்.

எந்தத் தாடையை எந்தப் பக்கம் நகர்த்தினால் நன்றாக நிற்கும் என்பதுதான் அந்தப் பட்டியல். மேல்தாடையை மேலே ஏற்றுவது மிகவும் உறுதியாக நிற்கிறது. கீழ்த்தாடையை முன்னால் கொண்டுவருவதும், மிக நீள முகம் இல்லாதவர்களுக்கு, உறுதியாக நிற்கிறது. கீழ்த்தாடையைப் பின்னால் தள்ளுவது அவ்வளவு உறுதி இல்லை. மேல்தாடையை அகலப்படுத்துவது எல்லாவற்றிலும் கடைசி.

அவர்கள் ஓர் அளவுகோலும் வைத்தார்கள். 2 மில்லி மீட்டருக்குள் திரும்பினால், அதைக் குறை என்று சொல்ல வேண்டியது இல்லை. 2 முதல் 4 மில்லி மீட்டர் வரை என்றால், கவனிக்கவேண்டும். பல்லுக்குக் கம்பி கட்டிச் சரிக்கட்டிவிடலாம். 4 மில்லி மீட்டருக்கு மேல் போனால், கம்பியால் பல சமயங்களில் முடியாது.

4 மில்லி மீட்டர் என்பது ஓர் அரிசி மணியின் நீளம் கூட இல்லை. அந்தச் சிறு அளவில்தான் வெற்றியும் தோல்வியும் அடங்கி இருக்கின்றன.

நாக்குக்கு வீடு சிறிதானால்...

இதுவரை எலும்பைப் பார்த்தோம். இனி மூச்சைப் பார்ப்போம்.

நாக்கு எங்கே இருக்கிறது? வாய்க்குள் இருக்கிறது என்பீர்கள். சரிதான். ஆனால், அது எதில் கட்டப்பட்டு இருக்கிறது? மோவாய் எலும்பின் உட்புறத்தில்! தாடை போகும் பக்கம் நாக்கின் அடியும் போகும்.

நாக்குக்குப் பின்னால் இருப்பது தொண்டை. மூக்கு வழியாக வரும் காற்று இந்தத் தொண்டை வழியாகத்தான் மூச்சுக் குழலுக்குப் போகிறது. மூச்சுக் குழலைச் சுற்றிக் குருத்தெலும்பு வளையம் உண்டு. அது மடங்காது. நாக்குக்குப் பின்னால் உள்ள தொண்டைக்கு அப்படிப்பட்ட வளையம் இல்லை. அது வெறும் சதைக் குழாய். விழித்திருக்கும்போது தசைகள் அதை விரித்துப் பிடிக்கின்றன. உறங்கும்போது தசைகள் தளர்கின்றன. குழாய் சுருங்குகிறது.

கீழ்த்தாடையைப் பின்னால் தள்ளினால், நாக்கின் வீடு சிறிதாகிவிடுகிறது. நாக்கு சிறிதாகவில்லை! ஆகவே, அது பின்னாலும் கீழேயும் நகருகிறது. தொண்டையில் மிதப்பது போல இருக்கும் நாவடி எலும்பு கீழே இறங்குகிறது. மூச்சு வழி குறுகுகிறது.

உடம்பு சும்மா இராது. தலையைச் சிறிது நிமிர்த்தி வைத்துக்கொண்டு, வழியைத் திறந்துவைக்கப் பார்க்கிறது. நாளடைவில் நாக்கும் ஓரளவு இடம் பிடித்துக்கொள்ளுகிறது. குறுகிய வழி கொஞ்சம் விரிகிறது. ஆனால், பலருக்குப் பழைய அளவுக்கு முழுவதும் விரிவது இல்லை.

நாக்குக்கும் எலும்புக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது பாருங்கள். இடம் போதாத நாக்கு, தாடையை முன்னால் தள்ளப் பார்க்கிறது. ஆகவே, தாடை திரும்புவதும் மூச்சு வழி குறுகுவதும் இரண்டு தனிக் கதைகள் அல்ல. ஒரே கதையின் இரண்டு பக்கங்கள்.

1987ல் வந்த எச்சரிக்கை

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் இருக்கிறது. உறக்க நோய்களை ஆராய்வதில் பெயர் பெற்ற இடம். அங்கே ரைலி, பவல், கில்லெமினோ ஆகிய 3 டாக்டர்கள் 1987ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். துருத்திய தாடையைப் பின்னால் தள்ளிக்கொண்ட 2 பேருக்கு, அதன் பிறகு உறக்க மூச்சடைப்பு நோய் வந்தது என்பதே செய்தி.

உறக்க மூச்சடைப்பு என்றால் என்ன? தூங்கும்போது மூச்சு வழி மூடிக்கொள்ளுகிறது. 10 விநாடி அல்லது அதற்கு மேல் மூச்சு நிற்கிறது. ரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை திடுக்கிட்டு எழுப்புகிறது. பெரிய குறட்டையோடு மூச்சு திரும்புகிறது. மீண்டும் தூக்கம். மீண்டும் அடைப்பு.

மணிக்கு 5 தடவைக்குக் குறைவாக இருந்தால், நோய் இல்லை. 5 முதல் 15 வரை லேசான நோய். 15 முதல் 30 வரை நடுத்தரம். 30க்கு மேல் கடுமை.

கடுமையான நோய் உள்ளவர் இரவு எல்லாம் படுத்திருப்பார். ஆனால், தூங்கி இருக்கமாட்டார். பகலில் வேலை செய்யும்போது கண் சொக்கும். வண்டி ஓட்டும்போது தூங்கிவிடுவார். ரத்தக் கொதிப்பு வரும். இருதயமும் கெடும்.

தாடையைப் பின்னால் தள்ளிக்கொண்ட எல்லாருக்கும் இந்த நோய் வருமா? வராது. இந்த ஆபரேஷனைச் செய்துகொள்ளுகிறவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். ஒல்லியானவர்கள். வழி சிறிது குறுகினாலும் அவர்களுடைய உடம்பு சமாளித்துவிடுகிறது.

அப்படி என்றால், யார் கவனமாக இருக்கவேண்டும்? உடல் பருமன் உள்ளவர்கள். முன்பே குறட்டை விடுகிறவர்கள். தொண்டை ஏற்கனவே குறுகலாக இருப்பவர்கள். தாடையை மிக அதிகமாகத் தள்ளவேண்டியவர்கள். இன்னொன்றும் உண்டு. 20 வயதில் ஒல்லியாக இருப்பவர், 45 வயதிலும் ஒல்லியாக இருப்பார் என்று யார் சொல்ல முடியும்? வயது ஏறும், சதை போடும், குறுகிய வழி அப்பொழுது தொல்லை கொடுக்கலாம்.

அதே ஆபரேஷன் மூச்சும் தரும்

இங்கே ஓர் அதிசயத்தையும் சொல்லவேண்டும். தாடையைப் பின்னால் தள்ளினால் மூச்சு வழி குறுகும் என்றால், முன்னால் இழுத்தால் விரியவேண்டும் அல்லவா?

விரிகிறது! 1979லேயே, தாடையை முன்னால் கொண்டுவந்ததால் 3 நோயாளிகளுக்கு உறக்க மூச்சடைப்பு குறைந்ததாக அமெரிக்க டாக்டர்கள் எழுதினார்கள். ஸ்டான்போர்டு டாக்டர்கள் அதை வளர்த்தார்கள். மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டையும் சேர்த்து முன்னால் கொண்டுவந்தார்கள்.

2010ல் இப்படிச் சிகிச்சை பெற்ற 627 பேரின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆபரேஷனுக்கு முன்பு அவர்களுக்கு மணிக்குச் சராசரி 64 தடவை மூச்சு தடைப்பட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு அது 10க்கும் கீழே வந்தது. 100க்கு 86 பேருக்கு நல்ல பலன் கிடைத்தது. 100க்கு 43 பேருக்கு நோய் அறவே போய்விட்டது.

அதற்காக, குறட்டை விடுகிறவர்கள் எல்லாரும் தாடையை வெட்டிக்கொள்ள ஓடவேண்டாம். மூக்கில் மாட்டிக்கொண்டு காற்றை அழுத்தமாகச் செலுத்தும் கருவி இருக்கிறது. 1981ல் ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன் உலகுக்கு அறிவித்தது அது. பெரும்பாலோருக்கு அதுவே முதல் சிகிச்சை. அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத்தான் ஆபரேஷன்.

இரட்டைத் தாடை

துருத்திய கீழ்த்தாடை உள்ளவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது.

கீழ்த்தாடை 10 மில்லி மீட்டர் முன்னால் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவையும் கீழ்த்தாடையிலேயே தள்ளினால், மூச்சு வழி குறுகும். திரும்பும் ஆபத்தும் அதிகம். அதற்குப் பதிலாக, மேல்தாடையை 4 மில்லி மீட்டர் முன்னால் கொண்டுவந்து, கீழ்த்தாடையை 6 மில்லி மீட்டர் மட்டும் தள்ளினால்? பல் பொருந்திவிடும். நாக்குக்கும் இடம் கிடைக்கும். மூச்சு வழி அவ்வளவு குறுகாது.

ஒரே சமயத்தில் இரு தாடைகளையும் நகர்த்தும் இந்த முறையையும் 1970ல் ஒப்வெகேசர் எழுதிக் காட்டினார். இன்று கொரியாவில் இதற்கு இரட்டைத் தாடை ஆபரேஷன் என்றே பெயர். அங்கே அது பாமர மக்களுக்கும் தெரிந்த சொல் ஆகிவிட்டது.

கிழக்கு ஆசிய நாடுகளில் துருத்திய கீழ்த்தாடை உள்ளவர்கள் அதிகம். ஆகவே, தேவை உள்ளவர்களும் அங்கே அதிகம். ஆனால், தேவை இல்லாதவர்களும் வரிசையில் சேர்ந்துகொண்டதுதான் தொல்லை.

கொரியா படித்த பாடம்

2011 முதல் 2015 வரை கொரியாவில் 'லெட் மீ இன்' என்று ஒரு டெலிவிஷன் நிகழ்ச்சி நடந்தது. முகத்தில் குறை உள்ளவர்களுக்கு ஆபரேஷன் செய்து, புது முகத்தோடு மேடையில் நிறுத்துவார்கள். சபையோர் கை தட்டுவார்கள். ரயில் நிலையச் சுவர்களில் "முன்பு", "பின்பு" என்று இரண்டு இரண்டு படங்கள்.

"பின்பு" என்ற படம் எப்பொழுது எடுத்தது? 3 மாதம் கழித்தா, 3 ஆண்டு கழித்தா? அந்தப் பெண் இரவில் நன்றாக மூச்சு விடுகிறாளா? உதட்டில் உணர்ச்சி இருக்கிறதா? படம் அதைச் சொல்லாது.

இன்னும் ஒரு வழக்கமும் அங்கே பரவியது. முறைப்படி என்றால், முதலில் ஓர் ஆண்டு, ஒன்றரை ஆண்டு பல்லுக்குக் கம்பி கட்டி வரிசைப்படுத்திவிட்டு, பிறகுதான் ஆபரேஷன் செய்வார்கள். அந்தக் காலத்தில் முகம் இன்னும் கோணலாகத் தெரியும். ஆகவே, ஆபரேஷனை முதலில் செய்துவிட்டு, கம்பியைப் பிறகு கட்டும் முறை ஜப்பானிலும் கொரியாவிலும் வளர்ந்தது. முகம் உடனே மாறுகிறது. மொத்தக் காலமும் குறைகிறது. தக்கவர்களுக்கு இது நல்ல முறைதான். ஆனால், பல் சரியாகப் பொருந்தாத நிலையில் தாடை முன்னால் வரும் வாய்ப்புச் சற்று அதிகம் என்று ஆய்வுகளில் தெரிகிறது. அவசரத்துக்கு ஒரு விலை உண்டு.

2016ல் கங்னம் பகுதியில் ஒரு கல்லூரி மாணவர் தாடை எலும்பைச் செதுக்கிக்கொள்ளப் போனார். ரத்தப்போக்கு நிற்கவில்லை. சில வாரம் நினைவு இன்றிக் கிடந்து உயிர்விட்டார். ஆபரேஷன் அறையில் இருந்த காமிரா, டாக்டர் பாதியில் வேறு நோயாளியைப் பார்க்கப் போனதைக் காட்டியது. மாணவரின் தாயார் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பாராளுமன்றத்தின் முன்னால் அட்டையைப் பிடித்துக்கொண்டு தனி ஒருவராக நின்றார்.

அந்தத் தாயார் தோற்கவில்லை. 2021 ஆகஸ்டு மாதம் பாராளுமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. 2023 செப்டம்பர் 25ந் தேதி அமலுக்கு வந்தது. மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்யும் அறைகளில் காமிரா இருக்கவேண்டும். நோயாளி கேட்டால் படம் பிடிக்கவேண்டும்.

விளம்பரத்திலும் மாறுதல் வந்தது. ரயில் நிலையங்களில் அழகு ஆபரேஷன் விளம்பரங்களைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக, 2017ல் சியோல் மெட்ரோ நிர்வாகம் அறிவித்தது. 2018 ஜூலை முதல், உறக்கப் பரிசோதனைக்கும் காற்றுக் கருவிக்கும் தேசிய மருத்துவக் காப்பீட்டில் உதவி கிடைக்கிறது.

காமிரா, ஆபரேஷன் அறையில் நடப்பதைக் காட்டும். ஆபரேஷனுக்குப் பிறகு ஓர் ஆண்டு என்ன நடக்கிறது என்பதை அது காட்டாது. சட்டத்தின் கை எட்டாத இடம் அது. அங்கே விழிப்பாக இருக்கவேண்டியவர்கள், நோயாளியும் அவருடைய குடும்பத்தாரும்தான்.

படம் போதாது

மூச்சு வழியை எப்படி அளக்கிறார்கள்?

முன்பு பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்தார்கள். அதில் நீளமும் உயரமும் தெரியும். அகலம் தெரியாது. 1998க்குப் பிறகு, தலையைச் சுற்றி வந்து படம் எடுக்கும் புதிய எக்ஸ்ரே கருவி பழக்கத்துக்கு வந்தது. அதில் தொண்டையின் முழு உருவமும் தெரிகிறது. எந்த இடம் மிகவும் குறுகல் என்றும் தெரிகிறது.

ஆனால், அந்தப் படத்தை எடுக்கும்போது நோயாளி பெரும்பாலும் உட்கார்ந்தோ நின்றோ இருப்பார். விழித்திருப்பார். மூச்சடைப்போ, படுத்து உறங்கும்போது வருவது! ஆகவே, படத்தை மட்டும் வைத்து நோய் உண்டு, இல்லை என்று சொல்லிவிட முடியாது. இரவு முழுவதும் உறங்கவைத்து, மூச்சையும் பிராணவாயுவையும் அளக்கும் உறக்கப் பரிசோதனைதான் உண்மையைச் சொல்லும்.

என்ன கேட்கவேண்டும்?

உங்கள் வீட்டுப் பிள்ளைக்குத் தாடை ஆபரேஷன் செய்யவேண்டும் என்று டாக்டர் சொன்னால், பயப்படவேண்டாம். நல்ல டாக்டர் கையில் அது நல்ல சிகிச்சை. ஆனால், சில கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

பிள்ளையின் வளர்ச்சி நின்றுவிட்டதா? எதை வைத்துச் சொல்லுகிறீர்கள்?

எத்தனை மில்லி மீட்டர் நகர்த்தப் போகிறீர்கள்? அவ்வளவும் கீழ்த்தாடையிலா, மேல்தாடையிலும் பங்கிட முடியுமா?

தொண்டை வழி எவ்வளவு இருக்கிறது? பார்த்தீர்களா?

திரும்பி வந்தால், என்ன செய்வீர்கள்? எத்தனை மாதம் வரவேண்டும்?

டாக்டர் கேட்கும் கேள்விகளுக்கும் ஒளிக்காமல் பதில் சொல்லுங்கள். பிள்ளை குறட்டை விடுகிறதா? தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா? பகலில் தூங்கி விழுகிறதா? இதை எல்லாம் பிள்ளை அறியாது. பக்கத்தில் படுப்பவர்களுக்குத்தான் தெரியும். "கலியாணம் ஆகவேண்டிய பெண், குறட்டை விடுகிறாள் என்று எப்படிச் சொல்வது?" என்று மறைத்துவிடாதீர்கள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு, டாக்டர் தன் திட்டத்தையே மாற்றக்கூடும்.

ஆபரேஷன் முடிந்த பிறகும் கண்காணிப்பு வேண்டும். முகம் அழகாக இருக்கிறது என்று, டாக்டர் வரச்சொன்ன நாளில் போகாமல் இருந்துவிடக் கூடாது. குறைந்தது ஓர் ஆண்டு வரை போய்க் காட்டவேண்டும். புதிதாகக் குறட்டை தொடங்கினால், உடனே சொல்லவேண்டும்.

கண்ணாடியில் தெரிவது முகம் மட்டும். எலும்பு நின்றதா என்பதை எக்ஸ்ரே காட்டும். மூச்சு நன்றாக ஓடுகிறதா என்பதை இரவில்தான் அறியலாம். இந்த மூன்றும் சரியாக இருந்தால்தான், ஆபரேஷன் வெற்றி என்று சொல்லவேண்டும்.